1789இல் பிரெஞ்சு எளிய மக்கள் எழுந்தது ஏன்? பசி மட்டுமே காரணமாக முடியுமா?

வரலாற்று ஆசிரியை (கேள்வி):

வணக்கம். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில், மதகுருமாரும் பிரபுக்களும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்ததையும், மூன்றாம் எஸ்டேட் எனப்பட்ட மற்ற மக்கள் சுமையைத் தாங்கியதையும், விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியதையும் விளக்கி முடித்தபோது, ஒரு மாணவி எழுந்து, "அவங்க எப்பவுமே அப்படித்தானே இருந்தாங்க, டீச்சர்? அந்த வருஷம் மட்டும் ஏன் எழுந்தாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு நிறைவான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து படித்தபோது குழப்பம் இன்னும் கூடியது. 1709ஆம் ஆண்டின் கடுங்குளிரிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் பிரான்சில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். ஆனாலும் பதினான்காம் லூயியின் அரியணை அசையவில்லை. 1775இல் தானிய விலை ஏறியபோது, 'மாவுப் போர்' என்று பெயர் பெறும் அளவுக்குக் கலவரங்கள் மூண்டும், படையை அனுப்பிச் சில வாரங்களில் அடக்கிவிட்டார்கள். பசியும் வரியும் பழையவை என்றால், 1789இல் புதிதாக வந்து சேர்ந்தது என்ன? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல உதவியாக இருக்கும்.

கணக்கர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் வரவு செலவிலிருந்தே தொடங்குகிறேன். 1788ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் செலவு ஏறத்தாழ 62.9 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). அதில் சுமார் 31.8 கோடி, அதாவது பாதிக்கும் மேல், வாங்கிய கடனுக்கே போயிற்று. வெர்சாய் அரண்மனையின் ஆடம்பரத்தைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் அரசவைச் செலவு மொத்தத்தில் சுமார் 6 விழுக்காடுதான். கருவூலத்தைக் காலி செய்தது போர். இங்கிலாந்தின் மீது இருந்த பகையால் அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதில் மட்டும் 100 கோடி லிவ்ருக்கு மேல் செலவாயிற்று. அதுவும் பெரும்பாலும் கடன் வாங்கிச் செய்த செலவு.

குடியானவரிடம் கறப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பது நிதியமைச்சர்களுக்கே தெரிந்திருந்தது. ஆகவே 1786இல் நிதியமைச்சர் கலோன், நிலம் யாருடையதாக இருந்தாலும் ஒரே விதமான நிலவரி என்ற திட்டத்தை அரசர் பதினாறாம் லூயியிடம் கொடுத்தார். அதற்கு ஒப்புதல் பெற 1787 பிப்ரவரியில் கூட்டப்பட்ட பிரமுகர் அவையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரபுக்களும் ஆயர்களும். தங்கள் இறையிலி நிலங்களுக்கு வரி விதிக்கும் திட்டத்தை அவர்கள் ஏற்கவில்லை. கலோன் பதவியை இழந்தார். பின்னால் வந்த பிரியேன், பார்லமென் எனப்பட்ட பாரிஸ் உயர்நீதிமன்றத்தை நாடியபோது, அங்கிருந்த பிரபு நீதிபதிகள் புதிய வரியை, மூன்று எஸ்டேட்களின் பிரதிநிதிகளும் கூடும் ஸ்டேட்ஸ் ஜெனரல்தான் ஏற்க வேண்டும் என்றார்கள். 1614க்குப் பிறகு ஒரு முறைகூடக் கூட்டப்படாத அவை அது! வேறு வழியின்றி அதைக் கூட்டுவதாக 1788 ஆகஸ்ட் 8 அன்று அரசு அறிவித்தது. 16ஆம் தேதி கருவூலம் கடன்காரர்களுக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தியது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், ஆகஸ்ட் 10 அன்று, ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டுச் சென்றிருந்த திப்பு சுல்தானின் தூதர்களை அதே அரசர் வெர்சாயில் பெருஞ்சிறப்போடு வரவேற்றார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அடுத்த வாரமே கையை விரிக்கப்போகும் கருவூலத்தை நம்பி அவர்கள் அவ்வளவு தூரம் கடல் கடந்து போயிருந்தார்கள்.

ஆக, 1709க்கும் 1789க்கும் நான் காணும் வேறுபாடு இதுதான். 1709இல் பட்டினி கிடந்தவர்களுக்கு எதிரே அரசரும் பிரபுக்களும் ஒன்றாக நின்றார்கள். 1787இலும் 1788இலும் அரசரை முதலில் எதிர்த்தவர்களே பிரபுக்கள்தாம். அரசரின் ஆணைக்கு 'மாட்டேன்' என்று சொல்ல முடியும் என்பதை நாடு முழுவதும் பார்த்தது.

களத்துமேடு:

கணக்கர் ஐயா, அரசு தளர்ந்த கதையைத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் மேலே இருப்பவர்கள் சண்டையிட்டுக்கொண்டால் கீழே இருப்பவர்கள் வேடிக்கை பார்த்திருக்கவும் கூடும். குடியானவர் ஏன் பிரபுவின் மாளிகை வாசலுக்குப் போனார் என்பதைக் கிராமத்துக்குள் சென்றுதான் பார்க்க வேண்டும், சுமார் 2.8 கோடி மக்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் வாழ்ந்தவர்கள்.

அரசுக்கு 'தாய்' (taille) என்னும் நேர்முக வரி; திருச்சபைக்கு விளைச்சலில் தசமபாகம்; நிலப்பிரபுவுக்குத் தானியப் பங்கும், நிலம் கைமாறினால் அதற்கொரு தொகையும். மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைக்கும், ரொட்டி சுடப் பிரபுவின் அடுப்புக்கும்தான் போக வேண்டும், அதற்கும் கட்டணம். சாலை போடக் கூலியில்லாத வெட்டி வேலை. பிரபுவின் புறாக்கள் விதைத்த வயலில் இறங்கித் தின்றாலும், முயல்கள் பயிரை மேய்ந்தாலும் கை வைக்கக் கூடாது. வேட்டை பிரபுவின் உரிமை. இதைப் படிக்கும்போது எனக்கு வரியின் அளவைவிட இந்தப் புறாதான் அதிகம் உறுத்துகிறது. தன் விதையைத் தின்னும் பறவையைத் துரத்திவிட்டுச் சும்மா நிற்க வேண்டிய உழவரின் நிலையை, வயலில் கிளி ஓட்டிய எவரும் புரிந்துகொள்வர்.

உப்பு வரியையும் சொல்ல வேண்டும். வடக்கிலும் நடுவிலும் உள்ள மாகாணங்களில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் பெயரிலும் ஆண்டுக்கு இவ்வளவு உப்பு என்று, வேண்டுமோ வேண்டாமோ, அரசு நிர்ணயித்த விலையில் வாங்கியே தீர வேண்டும். பக்கத்திலேயே வரிவிலக்குப் பெற்ற பிரித்தானி (Brittany) மாகாணத்தில் உப்பு விலை அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எல்லை தாண்டி உப்புக் கடத்திய ஏழைகளை அரசு கட்டாய உழைப்புத் தண்டனைக்கு அனுப்பியது. இந்த வரியை வசூலித்தவர்கள் அரசு ஊழியர்களும் அல்லர். மொத்தத் தொகை கொடுத்துக் குத்தகை எடுத்த செல்வந்தர்கள்.

1789 ஜூலை 12 அன்று, ஆங்கிலேய வேளாண் ஆய்வாளர் ஆர்தர் யங் கிழக்குப் பிரான்சில் ஒரு மேட்டுச் சாலையில் குதிரையை விட்டு இறங்கி நடந்தபோது ஓர் ஏழைப் பெண் உடன் நடந்து பேசினார். கணவருக்குச் சிறு துண்டு நிலம், ஒரு பசு, ஒரு நோஞ்சான் குதிரை, ஏழு பிள்ளைகள். அந்தத் துண்டு நிலத்துக்கு ஒரு பிரபுவுக்கு ஏறத்தாழ 19 கிலோ கோதுமையும் மூன்று கோழிகளும், இன்னொரு பிரபுவுக்கு ஓட்ஸ் தானியமும் ஒரு கோழியும் ஒரு சூ காசும் தர வேண்டும். அரசு வரி தனி. பெரிய மனிதர்கள் யாரோ ஏழைகளுக்கு ஏதோ செய்யப்போகிறார்களாம், யார், எப்படி என்று தனக்குத் தெரியாது என்றும், வரிகளும் பிரபுக்களுக்குத் தரும் பங்குகளும் தங்களை நசுக்குகின்றன என்றும் அந்தப் பெண் சொன்னார். முகத்தைப் பார்த்து அறுபது, எழுபது வயது இருக்கும் என்று யங் எண்ணினார். அந்தப் பெண்ணுக்கு வயது 28தான்.

அந்தப் பெண்ணின் பேச்சில் பசியோடு சேர்ந்து ஓர் எதிர்பார்ப்பும் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் மாணவிக்கான பதில் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 1789 தொடக்கத்தில் ஸ்டேட்ஸ் ஜெனரலுக்குத் தேர்தல் நடந்தபோது, ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதித் தர வேண்டும் என்று அரசரே ஆணையிட்டார். வரிப்பட்டியலில் பெயர் உள்ள, 25 வயது நிறைந்த ஆண்கள் தேவாலயத்தில் கூடி, உப்பையும் புறாவையும் ஆலைக் கட்டணத்தையும் பற்றிப் பேசி எழுத வைத்தார்கள். தலைமுறைகளாக விதி என்று தாங்கியதைக் குறை என்று பெயர் சொல்லி எழுதி, அதை அரசர் படிப்பார் என்று நம்பி அனுப்பிவிட்டால், அதன் பிறகு யாரால் பழையபடி இருக்க முடியும்?

வரலாற்று ஆசிரியை:

களத்துமேடு ஐயா, அந்த 28 வயதுப் பெண்ணின் கதையை அப்படியே வகுப்பில் சொல்லப்போகிறேன். கணக்கர் ஐயாவுக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம். கிராமத்தினர் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள் என்றால், பாரிஸ் நகரம் ஜூலையிலேயே வெடித்தது எதனால்? "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று அரசி மரி அந்துவானெத் சொன்னதாக வரும் கதை உண்மைதானா?

புதுவை வாசகர்:

கேக் கதையை விட்டுவிடுங்கள், அம்மா. ரூசோ தம் தன்வரலாற்றில் 'ஒரு பெரிய இளவரசி' சொன்னதாகப் பெயர் குறிப்பிடாமல் எழுதியது அது. அவர் அந்தப் பகுதியை எழுதிய காலத்தில் மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமி. 1770இல்தான் பிரான்சுக்கு மணமகளாக வந்தார்.

பாரிசின் கதையை ரொட்டிக் கடை வாசலில் தொடங்கலாம். 1788 ஜூலை 13 அன்று பெய்த பெரும் ஆலங்கட்டி மழை பாரிசைச் சுற்றிய வயல்களை அறுவடைக்கு முன்பே அழித்தது. அந்தக் குளிர்காலத்தில் சேன் ஆறு உறைந்தது. வழக்கமாக 8 அல்லது 9 சூவுக்கு விற்ற, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள ரொட்டி 1789 பிப்ரவரியில் 14.5 சூ ஆயிற்று. கட்டட வேலைக்குப் போகும் கூலியாளின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. ரொட்டி வாங்கிய பிறகு வாடகைக்கும் விறகுக்கும் என்ன மிஞ்சும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இருந்தாலும் விலை மட்டும் நகரத்தை எழுப்பவில்லை. தாங்கள் ஏமாற்றப்படுகிறோம் என்ற அச்சம்தான் எழுப்பியது. மே 4 அன்று வெர்சாயில் நடந்த ஊர்வலத்தில், தங்கச் சரிகையும் இறகுத் தொப்பியும் அணிந்த பிரபுக்களுக்கு முன்னே மூன்றாம் எஸ்டேட்டின் உறுப்பினர்கள் விதிப்படி வெறும் கறுப்பு உடையில் நடந்தார்கள். மூன்றாம் எஸ்டேட்டுக்கு ஏறத்தாழ 600 இடங்கள், மற்ற இரண்டுக்கும் தலா 300 அளவில். ஆனால் பழைய முறைப்படி எஸ்டேட்டுக்கு ஒரு வாக்கு என்றால், எத்தனை பேர் இருந்தும் இரண்டுக்கு ஒன்று என்று தோல்விதான். அந்த 600 பேரில் பெரும்பகுதியினர் வழக்கறிஞர்கள், சிறு பதவியாளர்கள். படித்தும் பிறப்பால் தடுக்கப்பட்டவர்கள். 1781இல் வந்த ஓர் ஆணை, நான்கு தலைமுறைப் பிரபுத்துவம் இல்லாதவர் படையில் நேரடியாக அதிகாரியாவதையே ஏறத்தாழ அடைத்துவிட்டிருந்தது. ஜூன் 17 அன்று அவர்கள் தங்களையே தேசிய அவை என்று அறிவித்தார்கள். சொற்ப ஊதியத்தில் கிராமத்தில் வாழ்ந்த பங்குக் குருக்கள் பலர் தங்கள் ஆயர்களை விட்டு இவர்களோடு வந்து சேர்ந்தது, சலுகை பெற்ற வகுப்பும் ஒரே கல்லாக இல்லை என்பதைக் காட்டியது.

அந்த நேரத்தில் பாரிசைச் சுற்றிப் படைகள் வந்து நின்றன. மக்கள் நம்பிய அமைச்சர் நெக்கரை ஜூலை 11 அன்று அரசர் நீக்கினார். மறுநாள் செய்தி எட்டியதும் மக்கள் முதலில் கொளுத்தியது பாஸ்டில் சிறைக்கோட்டையை அல்ல. நகருக்குள் வரும் பொருள்களுக்கு வரி பிடுங்கிய சுங்கச் சாவடிகளைத்தான். 14ஆம் தேதி காலை இன்வாலிட் மாளிகையிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். வெடிமருந்து பாஸ்டிலில் இருந்தது. அங்கே இருந்த கைதிகள் ஏழே பேர். ஆகவே சிறையைத் திறக்கப் போனார்கள் என்பதைவிட, தங்கள் நகரத்தையும் அவையையும் காக்கப் போனார்கள் என்று சொல்வதே பொருத்தம்.

வரலாற்று ஆசிரியை:

நன்றி, ஐயா. கடைசியாக ஒன்று. ஆகஸ்ட் 4 இரவில் பிரபுக்களே எழுந்து தங்கள் சலுகைகளைத் துறந்தார்கள் என்று பாடம் முடிகிறது. அத்துடன் அந்த 28 வயதுப் பெண்ணின் சுமை இறங்கிவிட்டதா?

களத்துமேடு:

உடனே இறங்கவில்லை, அம்மா. அந்த இரவின் பின்னணியில் ஊரெங்கும் பரவிய பேரச்சம் இருந்தது. பழிவாங்கப் பிரபுக்கள் கொள்ளையரை ஏவிவிட்டார்கள் என்ற வதந்தியில் ஆயுதமெடுத்த குடியானவர்கள், பல இடங்களில் பிரபுவின் மாளிகைக்குச் சென்று நிலுவைகள் எழுதிய ஏடுகளைக் கேட்டு வாங்கி எரித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் பிரபுக்கள் பலர் பழைய ஆவணங்களைக் கிளறுவதற்கென்றே ஆட்களை அமர்த்தி, மறந்துபோன பாக்கிகளையெல்லாம் தேடி எடுத்து வசூலித்திருந்தார்கள். பின்னாளில் புரட்சியின் தீவிரக் குரலாக விளங்கிய பாபேஃப், வட பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில் அந்த வேலையைச் செய்தவர். பிரபுக்களின் அபகரிப்பு ரகசியங்களை அந்த ஆவணத் தூசியில்தான் கண்டறிந்ததாக அவரே எழுதினார்.

ஆகஸ்ட் 4 இரவிலும் அதைத் தொடர்ந்த ஆணைகளிலும் தசமபாகமும் வேட்டை உரிமையும் ஒழிந்தன. புறாக்களைப் பருவகாலத்தில் அடைத்து வைக்க வேண்டும் என்று தனியே ஒரு பிரிவே எழுதப்பட்டது. ஆனால் நிலத்தின் மீதான தானியப் பங்கை உழவர் விலை கொடுத்துத்தான் மீட்க வேண்டும் என்று தேசிய அவை சொன்னது. 1790இல் அந்த விலையை, பணமாகத் தருவதானால் ஆண்டுத் தொகையைப் போல 20 மடங்கு, தானியமாகத் தருவதானால் 25 மடங்கு என்று வகுத்தார்கள். கோழிக்கும் கோதுமைக்கும் திண்டாடியவரிடம் அந்தத் தொகை ஏது? பல ஊர்களில் மக்கள் கொடுக்கவும் இல்லை, மீட்கவும் இல்லை, மறுத்தே நின்றார்கள். நான்கு ஆண்டுகள் அப்படி நின்ற பிறகு, 1793 ஜூலை 17 அன்று இழப்பீடு எதுவும் இன்றி எல்லா நிலப்பிரபுத்துவ உரிமைகளும் நீக்கப்பட்டன. எஞ்சியிருந்த ஏடுகளை எரித்துவிடும்படி அந்தச் சட்டமே ஆணையிட்டது.