வாட்ச் கட்டும் இடத்தில் அரிப்பு, செயினில் பச்சை அழுக்கு: என்ன செய்யலாம்?

ரதவீதித் தம்பி:
டவுனில் அல்வாக் கடையில் வேலை. காலையில் அடுப்படி, சாயங்காலம் பார்சல் கட்டுவது. கையில் கட்டுவது அப்பாவின் பழைய எச்.எம்.டி., சாவி கொடுக்கிற வாட்ச். வார் அறுந்துபோனதால் செயின் மாட்டியிருக்கிறேன். இப்போது செயின் கண்ணிகளுக்கு நடுவில் கருப்பும் பச்சையுமாக மெழுகு மாதிரி அடைந்துகிடக்கிறது. கழற்றினால் சிக்குப்பிடித்த நெய் வாடை. வாட்சின் அடிப்பக்கம் படுகிற இடமும் சிவந்து அரிக்கிறது. சானிடைசர் போட்டுத் துடைக்கலாமா? தண்ணீரில் முக்கலாமா? அப்பா வாட்ச், பாழாகிவிடக் கூடாது.

ஜங்ஷன்வாசி:
பச்சை என்றால் களிம்புதான். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்ங்க, போயிடும்.

பாளை வாட்ச்காரர்:
அண்ணாச்சி, புளி வேண்டாம். இந்த மாதிரிப் பழைய வாட்சுகளில் நிறைய, பித்தளைக் கேசுக்கு (வாட்சின் வெளிக்கூடு) மேல் குரோம் முலாம் பூசியவை. பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியிருக்கும். அது மூடிக்கு மட்டும்தான், கேசுக்கு இல்லை. முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வை உப்பு பித்தளையில் உள்ள செம்பைத் தின்பதால்தான் பச்சை வருகிறது. புளித்தண்ணீர் முலாமின் ஓரத்துக்கு அடியில் இறங்கினால் மிச்சமும் உரிந்துவிடும். விளக்குக்கு முலாம் கிடையாதே!

தம்பி, முதலில் செயினைத் தனியாகக் கழற்றுங்க. இரண்டு முனையிலும் ஸ்பிரிங் பின் இருக்கும். கத்தி, குண்டூசி வைத்து நெம்பினால் கேசில் கீறல் விழும். பழக்கமில்லை என்றால் எந்த வாட்ச் கடையிலும் ஒரு நிமிஷ வேலை.

செயினை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஊறப்போடுங்க. உங்களுக்கு அடைந்திருப்பது நெய்யும் சர்க்கரைப் பாகும் செத்த தோலும். சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, அதனால் சானிடைசர் அதை மேலாகத் தடவிவிடுமே தவிர எடுக்காது. ஊறியதும் குழந்தைகள் பிரஷ்ஷால் கண்ணிகளை மடக்கி மடக்கித் தேய்ங்க. நல்ல தண்ணீரில் அலசுங்க. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர். துணியில் ஒற்றி, ஃபேன் காற்றில் முழுக்கக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். செயினும் முலாம் பூசியதாக இருந்தால் ரொம்ப நேரம் ஊற விடாதீங்க.

வாட்ச் தலைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. இத்தனை வருஷத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். ஈரம் பட்டும் படாத துணியால் துடைத்து, பின்மூடி ஓரத்து அழுக்கைப் பல்குச்சியால் சுரண்டினால் போதும். சாவியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு துடைக்காதீங்க.

ஹைகிரவுண்ட் நர்ஸ்:
தம்பி, வாட்சைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். அடுப்புச் சூட்டில் வியர்த்து, அது காயாமல் உலோகத்துக்கு அடியிலேயே கிடந்தால் தோல் சிவக்கத்தான் செய்யும். கொஞ்ச நாள் வாட்சே கட்டாமல் இருந்து பாருங்க. அதிலேயே அடங்கினால் ஈரம் காரணமாக இருக்கலாம். ஆனால் பெல்ட் பக்கிள், ஜீன்ஸ் பட்டன் படுகிற இடத்திலும் அரிக்கிறதா? அப்படியானால் நிக்கல் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். குரோம் முலாமுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் பூச்சு இருக்கும்.

ஓரம் தடித்துச் செதிலோடு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் அது படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு ஏதாவது ஒரு டியூப் வாங்கிப் போடாதீங்க. பல கலவை மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அடங்கின மாதிரி காட்டி, அப்புறம் கை முழுக்கப் பரவும். தோல் டாக்டரிடம் காட்டுங்க. பெரியாஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

இன்னொன்று, கோபப்படக் கூடாது. அல்வா கிண்டும்போது வாட்ச் எதற்கு? உணவைக் கையாளுகிறவர்கள் வாட்ச், நகை போடக் கூடாது என்பது உணவுக் கடைகளுக்குப் பொதுவான சுத்த விதி. கழற்றி வைத்துவிட்டு, மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவுங்க.

தென்காசிப் பையன்:
நடுவில் ஒரு கேள்வி. என் வாட்சில் 30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று இருக்கிறது. சீசனுக்குக் குற்றாலத்தில் கட்டிக்கொண்டே குளித்தால் அதுவே சுத்தமாகிவிடுமே?

பாளை வாட்ச்காரர்:
அழுக்கு போகுமோ என்னமோ, வாட்ச் போய்விடும். அந்த 30 மீட்டர் அசையாத தண்ணீரின் அழுத்தத்தை வைத்துச் சோதிப்பது. மழைத் தூறலுக்கும் கை கழுவும்போது தெறிப்பதற்கும்தான் ஆகும். அருவி மேலே இருந்து அடிக்கிற அடி வேறு. நீந்துவதற்கே 100 மீட்டர் என்று போட்டதைத்தான் சொல்வோம். எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போதும் கழற்றிவிடுங்க. தோல் வாரில் எண்ணெய் ஏறினால் வாடை போகவே போகாது.

ரதவீதித் தம்பி:
செயினைக் கழுவினேன் அண்ணாச்சி. தண்ணீர் வடித்த காபி நிறத்துக்கு வந்தது, வாடை போய்விட்டது. அக்கா, பெல்ட் பக்கிள் இடத்தில் அரிப்பு இல்லை. இப்போது வாட்ச் கட்டுவதில்லை, சிவப்பு குறைந்திருக்கிறது. அடுப்படிக்கு இனி கொண்டுபோக மாட்டேன். கவுண்டரில் நிற்கும்போது மட்டும் கட்ட ஆசை. உலோகம் கையில் படாமல் கட்ட வழி இருக்கிறதா? அடியில் நெயில் பாலிஷ் அடிக்கச் சொல்கிறார்கள்.

பாளை வாட்ச்காரர்:
அடிக்கலாம், ஆனால் வியர்வையில் சீக்கிரம் உரியும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அதைவிட நைலான் துணி வார் வாங்குங்க, வாட்சுக்கு அடியில் ஒரே நீளமாக ஓடுகிற வகை. பின்மூடிக்கும் கைக்கும் நடுவில் துணி வந்துவிடும். இரண்டாக வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்க, ஈர வாரைக் கட்டினால் பழைய கதைதான். வாங்கும் முன் வார் மாட்டுகிற இரண்டு கொம்புக்கும் இடைவெளியை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்க. பழைய வாட்சுகளில் 18 மில்லிமீட்டர்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அளக்காமல் வாங்காதீங்க.

ஹைகிரவுண்ட் நர்ஸ்:
சிவப்பு முழுதாக மறைந்த பிறகு கட்டுங்க தம்பி, அதுவரை வேண்டாம்.