மறுமொழி: காசநோய்க் கிருமியின் ‘லீனியேஜ்’ – கொடிவழி என்று வைக்கலாம்

குழுவினருக்கு வணக்கம்.

காசநோய்க் கட்டுரைக்காக, அக்கிருமியின் வம்சப் பிரிவைக் குறிக்கும் ‘லீனியேஜ்’ (lineage) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த ‘இனம்’, ‘வகை’, ‘திரிபு’ மூன்றுமே எனக்கு உவப்பில்லை. ‘இனம்’ பேரினம், சிற்றினம் என்று உயிரியல் பாடத்தில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. ‘வகை’ எதற்கும் பொருந்தும், அதனால் எதற்கும் உதவாது. ‘திரிபு’ என்றால் கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் புதிதாக முளைத்த கிருமிதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு நெடுங்காலமாகத் தனித்தனியே இறங்கி வந்த பிரிவுகளைப் பற்றியது. முதல் பிரிவு இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் மிகுதி. தமிழ்நாட்டிலும் அதுதான் அதிகம். இரண்டாவது கிழக்காசியாவில், மூன்றாவது வட இந்தியப் பக்கம், நான்காவது ஐரோப்பா அமெரிக்காவில்.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதை விளக்குவது சுலபம். நகரத்தார் சமூகத்துக்குக் குலப்பிரிவாக ஒன்பது கோயில், இளையாற்றங்குடி போன்ற பெரிய கோயிலுக்குள் பிரிவுகள், அதற்குள் புள்ளிகள், அதாவது குடும்பங்கள். கிருமியிலும் இதே அடுக்குதான். ஒன்று மட்டும் இடிக்கும். கோயில் விட்டுக் கோயில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள்; காசநோய்க் கிருமிக்குக் கொள்வினை கொடுப்பினை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வேறு பல பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமியிடம் வாங்கிக்கொள்ளும். இது வாங்காது. அதன் 44 லட்சம் எழுத்து மரபுத்தொகுதியில் எங்காவது ஓர் எழுத்து மாறினால், அது தன் வாரிசுகளுக்கு மட்டுமே போகும். ஆகவே வம்சத்தைச் சொல்லும் சொல்தான் வேண்டும்.

‘கால்வழி’ நல்ல பழஞ்சொல். ஆனால் டிபி துண்டறிக்கையில் அதை அச்சடித்தால், ‘நோய் கால் வழியாகவா வருது?’ என்று கேட்பார்கள். இருமலில் காற்றுவழி பரவும் நோய்க்கு இந்த வம்பு எதற்கு? குடும்ப வரலாறு எழுதுபவர்கள் போடும் ‘கொடிவழி’ போதும்.

சரி, இன்னொரு குழப்பம். ‘பெய்ஜிங் வகை என்றால் மருந்துக்கு அடங்காதது’ என்று ஒரு மடலில் இருந்தது. பெய்ஜிங் என்பது மேலே சொன்ன இரண்டாவது பிரிவைச் சேர்ந்தது. அந்தக் கொடிவழியில் மருந்தெதிர்ப்பு பல நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது, உண்மை. ஆனால் எதிர்ப்பு எந்தக் கொடிவழியிலும் முளைக்கும். பெய்ஜிங் கொடிவழியிலும் மருந்துக்கு அடங்குபவை ஏராளம். சளியைக் கரைத்துக் கார்ட்ரிட்ஜில் ஊற்றி சிபிநாட் (CBNAAT) என்ற மரபணுச் சோதனை எந்திரத்தில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும். அது பார்ப்பது, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் தாக்கும் புரதத்துக்கான மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டை. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் சுமார் 95 விழுக்காடு அங்கேதான் உண்டாகிறது. கிருமி எந்தக் கோயில் என்று அந்த எந்திரம் கேட்பதில்லை. மருத்துவரும் எதிர்ப்பைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றுகிறார். எனவே ‘மருந்தெதிர்ப்பு’ தனிச்சொல்லாகவே இருக்கட்டும், கொடிவழியோடு ஒட்ட வேண்டாம்.

அதற்காகக் கொடிவழி சிகிச்சைக்குச் சம்பந்தமே இல்லாதது என்றும் எழுதிவிடக் கூடாது. தனிக் கொடிவழியான மாட்டுக் காசநோய்க் கிருமி, வழக்கமான காசநோய் மருந்துகளில் ஒன்றான பைரசினமைடுக்குப் பிறவியிலேயே மசியாது. மருந்தெதிர்ப்பு டிபிக்குத் தரும் புது மருந்தான பிரெட்டோமனிடை ஆய்வகத்தில் சோதித்தபோது, முதல் கொடிவழியை அடக்க மற்றவற்றைவிடக் கூடுதல் அளவு தேவைப்பட்டது. நம் ஊர்க் கிருமி அதுதான் என்பதால் இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர் வேண்டாம், கொடிவழி 1, கொடிவழி 2 என்று எண் போட்டால் போதும். உட்பிரிவுக்குக் ‘கிளைவழி’.

மிச்சம் இருப்பது ‘ஹெட்டிரோரெசிஸ்டன்ஸ்’. ஒரே நோயாளியின் சளியில் மருந்துக்கு அடங்குவதும் அடங்காததும் கலந்து கிடக்கும் நிலை. அடங்காதது கொஞ்சமாக இருந்தால் சோதனையில் தப்பிவிடும்; மருந்து மற்றதைக் கொன்றதும் அது பெருகிவிடும். ‘கலப்பெதிர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். கலப்படத்தை எதிர்க்கும் சங்கம் மாதிரி இருக்கிறது. வேறு தோன்றினால் அனுப்புங்கள்.