உலோக ஏர்சாஃப்ட் பிஸ்டல்: எல்லாவற்றுக்கும் சிலிக்கோன் ஆயில் போதுமா?

தனிக்காட்டுராசா:
பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கி, உலோக ஸ்லைடு (மேலே முன்பின் ஓடும் பாகம்) உள்ள கேஸ் புளோபேக் பிஸ்டல் (சுடும்போது கேஸே ஸ்லைடைப் பின்னால் தள்ளும் வகை), எட்டு மாதமாக வைத்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே சிலிக்கோன் ஆயில் மட்டும்தான். நேற்று கழற்றினால் ஸ்லைடு ரெயில் முழுக்கக் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது. துடைத்த விரல் பென்சில் கரி பட்ட மாதிரி மினுங்குகிறது. ஆயில் கெட்டுவிட்டதா?

எண்ணெய்க்குப்பி:
பழைய ஆயிலும் தூசியும்தான். துடைத்துவிட்டு மறுபடி சிலிக்கோனே போடுங்கள். எந்த ரப்பரையும் கெடுக்காத எண்ணெய் அது ஒன்றுதான். கண்டதையும் போட்டால் ஓ-ரிங் (கேஸை அடைக்கும் ரப்பர் வளையம்) உப்பிப்போய்க் கேஸ் கசியும், அப்புறம் அழ வேண்டியதுதான்.

அரவைச்சத்தம்:
தூசி மினுங்காது. அது உலோகப்பொடி. ஸ்லைடு ஒவ்வொரு முறை பின்னால் போய் வரும்போதும் உலோகம் உலோகத்தை அராவுகிறது. சிலிக்கோன் ஆயில் ரப்பருக்கு நல்லதுதான், ஆனால் அழுத்தம் ஏறினால் அந்த மெல்லிய படலம் தாங்காது, பிதுங்கி ஓடிவிடும். துத்தநாகக் கலவையோ அலுமினியமோ, இரண்டும் எஃகை விட மென்மை. ரெயில், சுத்தியல், சியர் (சுத்தியலைப் பிடித்து விடுவிக்கும் கொக்கி) உரசும் இடம் எல்லாவற்றுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் அல்லது டெஃப்லான் கலந்த கிரீஸ். எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கொடுக்க முடியாது.

எண்ணெய்க்குப்பி:
கிரீஸ் போட்ட நண்பர் ஒருவரின் ஸ்லைடைப் பார்த்திருக்கிறேன். மணலும் கிரீஸும் குழைந்து சாணைக்கல் பசை மாதிரி இருந்தது. பாதி வழியில் நின்றுவிடும். உங்கள் கிரீஸ் உருகி நாசில் (கேஸைக் குழலுக்குள் செலுத்தும் மூக்கு) பக்கம் ஒழுகினால் அங்கே இருக்கிற பிஸ்டன் ரப்பருக்கு யார் பொறுப்பு?

அரவைச்சத்தம்:
அது கிரீஸின் குற்றமா, அப்பிய கையின் குற்றமா? தீக்குச்சி முனையில் எடுத்து ரெயில் பள்ளத்தில் இழுத்துவிட்டு, ஸ்லைடைப் பத்து முறை இழுத்து, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். பார்த்தால் கிரீஸ் போட்டதே தெரியக்கூடாது. நாசில் பிஸ்டனுக்கு மட்டும் சிலிக்கோன், அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் "எந்த ரப்பரையும் கெடுக்காது" என்பது தப்பு. ஹாப்-அப் பக்கிங் (குண்டைச் சுழலவிடக் குழலின் தொடக்கத்தில் இருக்கும் ரப்பர்) சிலிக்கோன் ரப்பரில் செய்ததாக இருந்தால் சிலிக்கோன் ஆயிலிலேயே ஊறி உப்பும்.

தனிக்காட்டுராசா:
ஐயையோ. நான் குழல் உள்ளேயும் தாராளமாக அடிப்பேன். அடித்த பிறகு முதல் முப்பது குண்டுகள் நேராகப் போய்ச் சட்டென்று தலைகுப்புற விழும். கேஸ் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாய்ச்சுடு:
கேஸ் இல்லை, ஆயில்தான் காரணம். பக்கிங் ரப்பர் குண்டின் மேல்பக்கத்தைப் பிடித்து இழுப்பதால்தான் குண்டு பின்சுழற்சியோடு மிதந்து போகிறது. அங்கே எண்ணெய் பட்டால் பிடி வழுக்கிவிடும். குழல் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும்.

மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, ஹாப்-அப்பை முழுக்கத் தளர்த்துங்கள். நூல் உதிராத துணித்துண்டைக் கம்பியில் கோத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்து, முனையிலிருந்து மெல்ல விடுங்கள். முதல் துணி சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளையாக வரும்வரை துணி மாற்றுங்கள், கடைசித் துணி காய்ந்தது. உள்ளே பித்தளைக் குழல் என்றால் கம்பியால் கீறிவிடாதீர்கள், 6 மி.மீ.க்குச் சற்றே கூடுதலான துளையில் ஒரு கீறலே போதும், குறி தவறும்.

புதுவரவு:
டபிள்யூடி-40 வீட்டில் இருக்கிறது, அதை அடித்தால் எல்லாம் முடிந்ததே?

எண்ணெய்க்குப்பி:
வேண்டாம்!

அரவைச்சத்தம்:
இதில் மட்டும் இவரோடு நிற்கிறேன். அது ஈரத்தை விரட்ட வந்த திரவம். இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

மெதுவாய்ச்சுடு:
மேகசினையும் சொல்லிவிடுகிறேன். நிரப்பும் வால்வில் எப்போதாவது ஒரு சொட்டு சிலிக்கோன் விட்டுவிட்டுக் கேஸ் ஏற்றினால் அதுவே உள்ளே போய் ரப்பரை நனைக்கும். கிரீன் கேஸ் என்பதே பெரும்பாலும் சிலிக்கோன் கலந்த புரோப்பேன்தான், அதனால் தினம் விடத் தேவையில்லை. எடுத்து வைக்கும்போது கொஞ்சம் கேஸ் உள்ளேயே இருக்கட்டும், ரப்பர் அமர்ந்தபடி இருக்கும். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடுகிறவர்கள் மட்டும் அப்படி விட்டுவைக்காதீர்கள், விளையாடி முடித்ததும் காலி செய்துவிடுங்கள்.

தனிக்காட்டுராசா:
கழற்றித் துடைத்து ரெயிலுக்கு லித்தியம் போட்டாயிற்று. கரகர சத்தம் போய்விட்டது. குழலிலிருந்து ஒன்பது துணி வந்தது, வெட்கமாக இருக்கிறது.

எண்ணெய்க்குப்பி:
ஒரு மாதம் ஓட்டிவிட்டு அந்த ரெயிலைப் படம் எடுத்துப் போடுங்கள். எவ்வளவு மணல் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.