விறகு, வைக்கோல் வேலையில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கமுதி பக்கத்திலிருந்து:

மாசி பிறந்து கண்மாய் வற்றியதும் எங்கள் பக்கம் சீமைக் கருவேல மரம் வெட்டு ஆரம்பித்துவிடும். பருத்த கட்டை கரிமூட்டத்துக்குப் போகும், சிறு கொப்பு வீட்டு அடுப்புக்கு. அரிவாள் வெட்டை விட எங்கள் ஆட்களை அதிகம் படுக்கவைப்பது முள்தான். ரப்பர் செருப்பைத் துளைக்கும், டிராக்டர் டயரைக்கூடப் பஞ்சராக்கும்.

போன பங்குனியில் என் மச்சான் ஒரு கொப்பை இழுத்தார். வேறு கிளையில் சிக்கியிருந்த அது விடுபட்டதும் திரும்பி அடித்தது. நடுவிரல் மொளியில், அதாவது மூட்டில், முள் ஏறிவிட்டது. வெளியே நீட்டியதை உடனே பிடுங்கியாயிற்று. ஆனால் நுனி உள்ளே ஒடிந்து நின்றிருக்கிறது. சில நாளில் விரலை மடக்க முடியவில்லை, மொளி முழுக்க வீக்கம். எருக்கம்பால் வைத்தால் தானே வந்துவிடும் என்றார்கள் ஊரில். வரவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் முள்ளே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மரத்துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் விழாது என்று அடுத்துப் பார்த்த டாக்டர்தான் சொன்னார். ஸ்கேனில் தெரிந்தது, கீறி எடுத்தார்கள். முள் குத்தி மூட்டு வீங்கினால் ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வெட்டும்போது கொப்பைக் கவைக்கம்பால் அமுக்கிக்கொள்வது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம், அதை விட்டுவிட வேண்டாம்.

ஒரத்தநாட்டிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு முள் கிடையாது, சுணைதான். வைக்கோல் போர் போடுற நாளெல்லாம் உடம்பு முழுக்க அரிப்பு. மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்ச வைக்கோலை உதறினா இருமல் ராத்திரி வரைக்கும் நிக்காது, துண்டை மூக்கோட சேர்த்துக் கட்டிக்கணும்.

பயம் வேற இடத்துல இருக்கு. சம்பா அறுப்பு முடிஞ்சு போட்ட போர்ல ஒட்டியிருக்கிற நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். அம்மா வைக்கோல் பிடுங்குறதுக்கு முன்னாடி எப்பவும் கம்பால அடியைத் தட்டுவாங்க. பங்குனிக் கடைசியில ஒருநாள் தட்டினதும் குக்கர் ஆவி விடுற மாதிரி ஒரு சீறல். கண்ணாடி விரியன், சுருண்டு கிடந்தது, வைக்கோல் நிறத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. நாங்க விலகி நின்னோம், அது தானா வரப்போரமாப் போயிடுச்சு. அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க அம்மா. அவங்க சொன்னதுதான் சரி, அடிக்கப் போய் கடி வாங்கினவங்க எங்க ஊர்லயே இருக்காங்க.

கட்டுவிரியன் ராத்திரி நடமாடுறது. அது கடிச்சா வலியே பெருசா தெரியாது, அதனால இருட்டினப்புறம் போர் பக்கம் யாரும் போறதில்லை. இந்த ரெண்டோட நல்ல பாம்பு, சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு ஊசிதான். அதுக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்கிறவங்கள்ல வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு, 1978ல ஆரம்பிச்ச சங்கம். அவங்களை நெனைச்சா எனக்கு எப்பவும் நன்றிதான் வரும்.

விருத்தாசலத்திலிருந்து:

கம்பால தட்டுறது விறகு அடுக்குக்கும் வேணும் தம்பி. எங்க சின்னம்மா முந்திரி விறகு உருவும்போது செந்தேள் கொட்டிடுச்சு. "தேள்தானே, கடுத்துட்டுப் போயிடும்"னாங்க பக்கத்து வீட்ல. ஆனா கொஞ்ச நேரத்துலயே புடவை நனையிற அளவு வேர்வை, கை கால் சில்லுனு ஆயிடுச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரசோசின் மாத்திரை கொடுத்து ராத்திரி முழுக்க வச்சுப் பார்த்தாங்க. செந்தேள் விஷம் இதயத்தைப் பாதிக்குமாம். வேர்த்துக் கொட்டுச்சுன்னா வீட்ல வச்சுப் பார்க்காதீங்க.

மன்னார்குடியிலிருந்து:

நான் சொல்வது கடித்ததும் இல்லை, குத்தியதும் இல்லை. போரிலிருந்து வாங்கிய வைக்கோலை டிரெய்லரில் ஏற்றி வந்தோம். கிராமத்துச் சாலையில் மின்கம்பி தாழத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் இரண்டு கம்பியும் உரசிப் பொறி விழுந்தது. கோடை வைக்கோல், பிடித்துக்கொண்டது. டிரைவர் பதறவில்லை. குடிசைகளைத் தாண்டித் திடலில் நிறுத்தி, டிரெய்லரை மாட்டியிருந்த கொண்டி ஊசியை உருவி டிராக்டர் எஞ்சினை மட்டும் தள்ளி ஓட்டிப் போய்விட்டார். வைக்கோல் முழுக்கப் போயிற்று. டிரெய்லரில் இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியது. எங்கள் மாடுகளுக்கு ஆடி வரைக்கும் வைத்திருந்த தீனி அது, இன்னும் மனசு ஆறவில்லை.

சில வண்டிகளில் ஒருவர் பாரத்தின் மேல் நின்று மூங்கிலால் கம்பியைத் தூக்கிவிடுவதைப் பார்க்கிறேன். பச்சை மூங்கிலில் கரண்டு பாயும், தயவுசெய்து செய்யாதீர்கள். பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். இப்போது எங்கள் வண்டிக்கு முன்னால் ஒருவர் அண்ணாந்து கம்பியைப் பார்த்தபடி நடந்துபோகிறார்.