புதுப்பிப்பு: மாட்ரிட்டில் முகவரிப் பதிவு முடிந்தது

வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இல்லாமல் எம்பத்ரொனாமியென்தோ, அதாவது மாநகராட்சியில் முகவரிப் பதிவு, செய்ய முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டை நகலும் ஒப்பந்த நகலும் கொடுத்தார். அவ்வளவுதான்.

இழுத்தடித்தது என் பெயர். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர்: அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. நமக்கோ இனிஷியல்! கவுன்ட்டரில் இருந்த பெண் ஊழியர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, அப்பா பெயரை முதல் கட்டத்தில் அடித்தார். இரண்டாவது கட்டத்தில் கர்சர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் தோளைக் குலுக்கிவிட்டு அதைக் காலியாகவே விட்டார். இனி எல்லாப் படிவத்திலும் இதே வரிசையில் எழுதுவதுதான் நல்லது.

மளிகைக்கு மாட்ரிட்டின் லாவாபியேஸ் பகுதி போதும். வங்கதேசத்தவர் கடைகளில் பருப்பு, பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்கிறது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவு ஒன்பதுக்கு மேல் என்பதுதான் வயிற்றுக்கு இன்னும் பிடிபடவில்லை.

கார் ஓட்டுவது பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்திய உரிமத்தை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். இங்கே வசிக்கும் அனுமதி கிடைத்து ஆறு மாதம்வரைதான் அது செல்லும். பிறகு புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். 30 கேள்விகள், மூன்று தவறுவரை பரவாயில்லை. படிக்கத் தொடங்கிவிட்டேன்.