2^61 − 1 முதன்மை எண் இல்லையெண்டு என்ர புரோகிராம் சொல்லுது. எங்க பிழை?

மல்லாவிப் பெடியன்:
வணக்கம். ஏ.எல் கணிதப் பிரிவு படிக்கிறன். 2^p − 1 முதன்மை எண்ணோ எண்டு பாக்கிற லூக்காஸ்–லேமர் சோதனையைச் சீ மொழியில எழுதினன். 4 இல தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் வர்க்கிச்சு, 2 ஐக் கழிச்சு, 2^p − 1 ஆல வகுத்து மீதியை எடுக்கிறது. p − 2 சுற்று முடிய மீதி பூச்சியமெண்டால் முதன்மை எண்.

p = 31 வரைக்கும் எல்லாம் சரி. 37 இல இருந்து 59 வரைக்கும் "இல்லை" எண்டு வருது, அதுவும் புத்தகத்தோட பொருந்துது. 61 தான் உதைக்குது. 2305843009213693951 முதன்மை எண்ணெண்டு புத்தகத்தில கிடக்கு. எக்செல்லில அடிச்சுப் பாத்தால் கடைசி நாலு இலக்கமும் பூச்சியமாப் போகுது. புத்தகம் பிழையோ? மாறியள் எல்லாம் லோங் லோங் எண்ட முழுவெண் வகை.

பரந்தன் அண்ணா:
எக்செல்லை விடும் தம்பி, அது 15 இலக்கத்துக்கு மேல வைச்சிருக்காது. சுற்றுக்குச் சுற்று மீதியை அச்சிட்டுப் பாரும்.

மல்லாவிப் பெடியன்:
ஐஞ்சாம் சுற்றில 2005956546822746114. அதுக்குப் பிறகு இடைக்கிடை மறை எண்ணும் வருது அண்ணா!

பரந்தன் அண்ணா:
அதுதான் பிழை. லோங் லோங் 9223372036854775807 வரைக்கும்தான் கொள்ளும். உம்மட மீதி 61 பிட் (இரும இலக்கம்), வர்க்கிச்சால் 122 பிட் வரைக்கும் போகும். ஒரு சாக்குக்குள்ள ரெண்டு சாக்கு நெல்லைக் கொட்டி, வழிஞ்சதை விட்டிட்டு உள்ள கிடக்கிறதை மட்டும் அளந்திருக்கிறீர். p = 31 க்கு வர்க்கம் 62 பிட், அதால தப்பிச்சுது.

37 இல இருந்து 59 வரைக்கும் சரியா வந்ததெண்டு நம்பாதையும். 31 க்குப் பிறகு முதன்மை எண் தாற அடுத்த சுட்டியே 61 தான். இடையில எதைக் கேட்டாலும் "இல்லை" எண்டுறதுதான் விடை. கணக்குத் தெரியாத ஆளும் அதில முழுப் புள்ளி எடுப்பார். 37 ஐப் பாரும்: 137438953471 = 223 × 616318177.

வர்க்கிக்கிற இடத்தில மட்டும் ஜீசிசி எண்ட சீ கம்பைலரின்ர 128 பிட் மாறியைப் போடும். 127 க்கு அதுவும் காணாது. பைதன் மொழியெண்டால் எவ்வளவு பெரிய முழுவெண்ணும் கொள்ளும், இந்தக் கரைச்சலே இல்லை.

வவுனியா அக்கா:
இந்த 61 ஐ, இப்பிடியான எண்களை ஆராய்ஞ்ச பிரெஞ்சுக் கணிதர் மெர்சேனும் தவறவிட்டவர், தம்பி. முதன்மை எண் தாற சுட்டியளெண்டு 1644 இல அவர் குடுத்த பட்டியலில 61 இல்லை, 67 இருக்கு. 61 ஐ 1883 இல பெர்வுஷின் எண்ட ரஷ்யப் பாதிரியார் கையால கணக்குப் பாத்துக் கண்டுபிடிச்சார். 2^67 − 1 ஐ 1903 இல கோல் எண்ட அமெரிக்கக் கணிதர் காரணிகளா உடைச்சுக் காட்டினார்: 193707721 × 761838257287. நேரமிருந்தால் பெருக்கிப் பாரும்.

மல்லாவிப் பெடியன்:
பைதனில ஓட்டினன். 59 சுற்று, கடைசியில 0! 67 க்குப் பூச்சியம் வரேல்லை. 37 க்கும் 41 க்கும் கடைசி மீதி முந்தி வந்ததில்லை, வேற எண்கள். கொப்பியில 37 இல இருந்து 59 வரைக்கும் போட்ட சரியை எல்லாம் வெட்டிப்போட்டன். நன்றி அண்ணா, அக்கா.