ஒரே திராட்சை, வெவ்வேறு ஷெர்ரி: இதால்கோ பாட்டில்களை வரிசையாகச் சுவைக்க

ஷெர்ரி தெற்கு ஸ்பெயினின் ஒயின், அதில் பல வகை. மன்சானியா வகையை ஒரு கம்பெனியிலும் அமொண்டியாதோ வகையை இன்னொரு கம்பெனியிலும் வாங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே இடத்தின் பாட்டில்களை வரிசையாக வையுங்கள். சான்லூக்கர் தெ பர்ரமேதாவில் 1792 முதல் ஒரே குடும்பத்தின் கையிலேயே இருக்கும் இதால்கோ கம்பெனி இதற்குத் தோது. லா ஹிதானா மன்சானியா, பஸ்த்ரானா மன்சானியா பசாதா, நெப்போலியன் அமொண்டியாதோ மூன்றுமே பலோமினோ திராட்சைதான்.

வித்தியாசம் ஃப்ளோரில் இருக்கிறது. பீப்பாய்க்குள் ஒயின்மேல் பாலாடைபோல் படரும் ஈஸ்ட் அது. 600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர்தான் ஊற்றுவார்கள், ஈஸ்டுக்குக் காற்று வேண்டுமே. ஆல்கஹால் 15 சதவீதம் அளவில் நின்றால் ஃப்ளோர் பிழைக்கும். 17க்குப் போனால் பிழைக்காது, ஒயின் காற்றுபட்டே முதிர்ந்து ஒலோரோசோ என்ற வகை ஆகிவிடும். ஃப்ளோர் கிளிசராலைத் தின்றுவிடுவதால் ஒயின் உடம்பு இளைக்கிறது. அசிட்டால்டிஹைடு சேர்வதால் பச்சை ஆப்பிள் வாசனை வருகிறது.

பீப்பாய்களை வயதுவாரியாக வரிசைகளில் வைத்து முதிர்க்கும் முறை சொலேரா. அதன் அடிவரிசையில் ஒரு பங்கு எடுத்தால் அதற்கு மேல்வரிசையிலிருந்து நிரப்புவார்கள். எந்தப் பீப்பாயும் காலியாகாது. ஊற்றும்போது ஃப்ளோர் ஆடை கிழியக் கூடாது. அதனால் கனோவா என்ற புனலில் துளையிட்ட குழாயைச் செருகி, ஒயின் ஆடைக்கு அடியில் மெல்லப் பரவும்படி விடுவார்கள். இளைய ஒயின் வருவது குறைந்தால் ஃப்ளோருக்குத் தீனி கிடைக்காது. ஆடை மெலிந்து ஓட்டை விழும், காற்று பட்டு நிறம் பொன்னாகும். பசாதா அந்தக் கட்டம். பிறகு ஆல்கஹாலைக் கூட்டி, ஃப்ளோர் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் விட்டால் அமொண்டியாதோ.

*மறுமொழி:*
ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே. குவாதல்கிவிர் ஆற்று முகத்துவாரத்தின் ஈரக்காற்றில் சான்லூக்கரில் ஆண்டு முழுக்க ஃப்ளோர் தடிப்பாக நிற்கும். உள்ளே தள்ளியிருக்கும் ஹெரெஸ் ஊரில் கோடையில் மெலியும். அங்கே ஃப்ளோரின் கீழ் முதிரும் ஃபினோ, மன்சானியாவைவிடச் சற்றுக் கனமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். லெவாந்தே என்ற வறண்ட கிழக்குக் காற்று வீசினால் மண் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். உயரத்து ஜன்னல்களைப் புல்பாய்த் திரையால் மூடுவார்கள்.

*மறுமொழி:*
வரிசையில் இதால்கோவின் வெலிங்டனும் இருக்கட்டும், அது பாலோ கொர்த்தாதோ என்ற வகை. மூக்குக்கு அமொண்டியாதோ, நாக்குக்கு ஒலோரோசோ. லேபிளில் VOS முத்திரை இருந்தால் சராசரி வயது குறைந்தது 20 ஆண்டு, VORS என்றால் 30.

ஷெர்ரி என்றாலே இனிப்பு என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் குடித்திருப்பது கிரீம் ஷெர்ரி. ஒலோரோசோவில் பேத்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஒயின் கலந்தது அது, லிட்டருக்கு 115 முதல் 140 கிராம் சர்க்கரை. வெறும் ஒலோரோசோ என்று போட்டிருந்தால் இனிப்பு இருக்காது. கடைக்காரர்களே இதில் தடுமாறுவார்கள்.

*மறுமொழி:*
குடிக்கும்போது கெடுவதுதான் அதிகம். மன்சானியாவை 6 முதல் 8 டிகிரியில் கொடுங்கள், குட்டி கிளாஸ் வேண்டாம், வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். தாண்டினால் வாசனை செத்து, நிறம் கறுக்கும். திறக்காத பாட்டிலையும் ஆண்டுக்கணக்கில் சேமிக்காதீர்கள், இது பாட்டிலில் முதிரும் ஒயின் அல்ல. அமொண்டியாதோவுக்கு 12 முதல் 14 டிகிரி; திறந்தபின் சில வாரம் தாங்கும். ஒலோரோசோ ஓரிரு மாதம். தொட்டுக்கொள்ள மன்சானியாவுக்கு உப்புப் பாதாமோ வேகவைத்த இறாலோ, அமொண்டியாதோவுக்குக் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்). வினிகர் ஊற்றிய சாலட் பக்கத்தில் இருந்தால் மற்ற ஒயின்கள் படுத்துவிடும், மன்சானியா படுக்காது.